துப்பாக்கியைப் பிரித்தது போதும்

துப்பாக்கி சுடுதல் என்றால் நமக்கு மனு பாக்கர்தான் நினைவுக்கு வருவார். நீட்டிய கையில் பிஸ்டல், 10 மீட்டருக்கு அப்பால் ஒரு கரும்பொட்டு, அசையாத உடம்பு. கைத்துப்பாக்கியை வைத்து ஆடும் இன்னோர் ஆட்டமும் உலகில் இருக்கிறது. அங்கே அசையாமல் நிற்பவர் தோற்றுவிடுவார். துப்பாக்கி இடுப்பு உறையில் இருக்கும். டைமர் 'பீப்' என்றதும் அதை உருவி, ஓடி, தடுப்புகளின் ஓரமாக எட்டிப் பார்த்து, அட்டை இலக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு தோட்டாக்களைப் பதித்து, இரும்புத் தகடுகளைச் சாய்த்து, ஓடிக்கொண்டே மேகசினையும் மாற்ற வேண்டும். நீளமான ஒரு கட்டத்துக்கு 32 தோட்டாக்கள் வரை தேவைப்படும். இதற்குப் பிராக்டிகல் ஷூட்டிங் என்று பெயர். அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, செக் குடியரசு, பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா எனப் பல நாடுகளில் வேரூன்றிய விளையாட்டு. 2022இல் உலகப் போட்டி தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது.

இந்த விளையாட்டுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. எந்தத் துப்பாக்கி எந்தப் பிரிவில் சேரும், அதில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதே அது. அமெரிக்காவின் தேசிய அமைப்பில் மட்டும் இன்று ஒன்பது பிரிவுகள்: ஓப்பன், லிமிடெட், லிமிடெட் 10, லிமிடெட் ஆப்டிக்ஸ், புரொடக்‌ஷன், கேரி ஆப்டிக்ஸ், சிங்கிள் ஸ்டாக், ரிவால்வர், பிஸ்டல் தோட்டா சுடும் கார்பைன். இவற்றில் பாதிக்கு மேல் நல்ல எண்ணத்தில் பிறந்தவை. சாதாரண ஆளும் சாதாரணத் துப்பாக்கியோடு வந்து ஆட வேண்டும் என்ற எண்ணம் அது. அந்த எண்ணம் ஒருமுறைகூடப் பலிக்கவில்லை. பலிக்கவும் பலிக்காது. கருவி விதியைக் கொண்டு செலவைக் கட்டுப்படுத்தப் பார்ப்பதுதான் இந்தச் சண்டையின் வேர் என்பது என் கட்சி.

மதிப்பெண் போடும் முறை தெரிந்தால்தான் சண்டை புரியும். அட்டை இலக்கின் நடுப்பகுதி 'ஏ'. அங்கே பட்டால் யாராக இருந்தாலும் 5 மதிப்பெண். அதைச் சுற்றியுள்ள 'சி', ஓரத்தில் உள்ள 'டி' ஆகிய பகுதிகளுக்கு எவ்வளவு என்பது தோட்டாவின் வலிமையைப் பொறுத்தது. குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் அளந்து, இரண்டையும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வருவது பவர் ஃபேக்டர். அமெரிக்க விதிப்படி அது 165ஐத் தொட்டால் 'மேஜர்', 125ஐத் தொட்டால் 'மைனர்'. அதற்கும் கீழே போனால் மதிப்பெண்ணே கிடையாது. மேஜருக்கு 'சி' 4, 'டி' 2. மைனருக்கு 3, 1. 180 கிரெயின் எடையுள்ள .40 குண்டு 950 அடி வேகத்தில் போனால் 171, அது மேஜர். 147 கிரெயின் எடையுள்ள 9 மி.மீ. குண்டு 900 அடி வேகத்தில் போனால் 132, அது மைனர். கடைசியில், பெற்ற மதிப்பெண்ணை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் ஹிட் ஃபேக்டர். அது யாருக்கு அதிகமோ அந்தக் கட்டம் அவருக்கு.

20 தோட்டாக்கள் சுட வேண்டிய ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 16 'ஏ', 4 'சி' அடித்து 14 விநாடியில் முடிக்கிறார். மேஜர் என்றால் 96 மதிப்பெண், ஹிட் ஃபேக்டர் 6.86. அதே அடிகள் மைனரில் 92தான். மைனர்காரர் சமன் செய்ய வேண்டுமென்றால் 13.42 விநாடியில் முடித்தாக வேண்டும். அரை விநாடிக்குச் சற்றே அதிகமான இந்த வித்தியாசத்துக்காகத்தான் கம்பெனிகள் துப்பாக்கிகளைப் புதிதாக வடிவமைத்தன, விதிப்புத்தகங்கள் திருத்தப்பட்டன, நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

வலிமையை மதிப்பெண்ணுக்குள் கொண்டுவந்த தலைமுறையின் தலைமகன் ஜெஃப் கூப்பர், அமெரிக்க மரைன் படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். 1950களில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் மலைப்பகுதியில் நண்பர்களைக் கூட்டிப் போட்டி நடத்தத் தொடங்கினார். 1976 மே மாதம் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பல நாட்டவர் கூடி ஐ.பி.எஸ்.சி. என்ற உலக அமைப்பை உருவாக்கியபோது அவரே முதல் தலைவர். அமைப்பின் லத்தீன் முழக்கம் மூன்று சொற்கள்: கவனமான துல்லியம், வலிமை, வேகம். இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுத்தாலும் மதிப்பெண்ணில் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. தற்காப்புக்குக் கையில் எடுக்கும் துப்பாக்கி எதுவோ அதைக் கொண்டு ஆட வேண்டும் என்று அன்றைக்கு யாரும் எழுதிவைக்கவில்லை. அப்படித்தானே ஆடுவார்கள் என்று நம்பினார்கள்.

நம்பிக்கை பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. முதலில் எல்லோர் கையிலும் இருந்தது .45 காலிபர் 1911 பிஸ்டல். ஏழு அல்லது எட்டுத் தோட்டா, நல்ல பின்னுதைப்பு. 1980களில் ராப் லெதம், பிரையன் ஈனோஸ் என்ற இரு ஆட்டக்காரர்கள் .38 சூப்பர் தோட்டாவோடு வந்தார்கள். மெல்லிய தோட்டா என்பதால் மேகசினில் ஒன்றிரண்டு கூடுதலாகப் பிடிக்கும். குண்டு லேசு, வேகம் அதிகம், ஆகவே மேஜரும் கிடைத்துவிடும். இதற்கு மருந்தை அதிகம் போட வேண்டும். அந்த மருந்து எரியும்போது எழும் வாயுவைக் குழலின் முனையில் பொருத்திய காம்பன்சேட்டர் மேல்நோக்கித் திருப்பி, துப்பாக்கியின் மூக்கை எழவிடாமல் அழுத்தும். அழுத்தம் தாங்காமல் தோட்டாவின் பித்தளைக் கூடு வெடித்துச் சுடுபவரின் முகத்திலேயே தெறித்த சம்பவங்களும் நடந்தன. ஆட்டக்காரர்கள் மத்தியில் அதற்கு 'சூப்பர் ஃபேஸ்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. முன்பு 175 ஆக இருந்த மேஜர் அளவை அமெரிக்க அமைப்பு பின்னாளில் 165க்குக் குறைத்தது.

அடுத்த அடி 1990இல் விழுந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில் டக் கோனிக், துப்பாக்கியின் மேல் மின்சாரச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு வந்து பட்டத்தைத் தட்டிச் சென்றார். அதே ஆண்டு அமெரிக்க தேசியப் போட்டியிலும் ஜெர்ரி பார்ன்ஹார்ட் அப்படியே வென்றார். பழைய இரும்புக் குறிகாட்டியில் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் கண் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். புள்ளி வந்த பிறகு இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் தானே வந்து உட்காரும். வயதானவர்களின் கண்ணுக்கு அது வரம். ஆனால் இரும்புக் குறிகாட்டியோடு முன்வரிசையில் நிற்பது அதற்குப் பிறகு கனவாகிவிட்டது.

அப்போது எடுத்த முடிவில் நியாயம் இருந்தது. புள்ளிக் கண்ணாடியும் காம்பன்சேட்டரும் வைத்தவர்கள் ஓப்பன் பிரிவுக்குப் போகட்டும், இல்லாதவர்கள் தனியாக ஆடட்டும் என்றார்கள். அமெரிக்காவில் அந்த இரண்டாம் பிரிவு லிமிடெட், உலக அமைப்பில் ஸ்டாண்டர்டு. உலக அமைப்பு ஸ்டாண்டர்டுக்கு ஒரு பெட்டி வைத்தது: உள்ளளவு 225 மி.மீ. நீளம், 150 மி.மீ. உயரம், 45 மி.மீ. அகலம். மேகசினோடு துப்பாக்கி அதற்குள் அடங்கினால் சரி, அடங்காவிட்டால் இல்லை. இந்த விளையாட்டில் எழுதப்பட்ட விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பெட்டிதான். நடுவருக்குத் துப்பாக்கியின் வரலாறு தெரிய வேண்டாம், கம்பெனிப் பட்டியல் வேண்டாம், ஆட்டக்காரரின் மனதில் என்ன இருந்தது என்ற விசாரணையும் வேண்டாம்.

பிரிவு சரி. ஆனால் லிமிடெட்டில் பணப்போட்டி நின்றதா? நிற்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் சாண்டி ஸ்டிரேயர், வர்ஜில் டிரிப் ஆகியோரின் கைவண்ணத்தில், 1911இன் டிரிகரை வைத்துக்கொண்டே இரட்டை வரிசை மேகசின் பிடிக்கும் அகலமான பிஸ்டல் வந்தது. 2011 என்று அதை அழைக்கிறார்கள். வல்லுநர் ஒருவர் கையால் இழைத்துக் கொடுக்கும் அந்தத் துப்பாக்கி பல ஆயிரம் டாலர். ஓப்பனில் தோற்ற 'சாதாரண ஆள்' லிமிடெட்டுக்கு வந்து அங்கேயும் கடன் வாங்கினார்.

இதில் கசந்துபோனவர்கள் பிரிந்தும் சென்றார்கள். துப்பாக்கி உற்பத்தியாளரான பில் வில்சன், எழுத்தாளர் கென் ஹாக்கதார்ன் உள்ளிட்டவர்கள் 1996இல் ஐ.டி.பி.ஏ. என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். சட்டைக்குள் மறைத்துவைக்கும் துப்பாக்கி, அதற்கேற்ற உறை, பந்தயச் சாமான்களுக்கு இடமில்லை என்றது புதிய அமைப்பு. வாசலில் வைத்த அந்தப் பலகையும் காலப்போக்கில் பிரிவுகளாகக் கிளைவிட்டது. அந்தக் கதைக்குள் நான் போகவில்லை.

புரொடக்‌ஷன் கதைதான் விரிவாகச் சொல்ல வேண்டியது. 2000இல் வந்த இந்தப் பிரிவின் நோக்கம் தெளிவானது: கடையில் வாங்கிய பிஸ்டல், இரும்புக் குறிகாட்டி, எல்லோருக்கும் மைனர் மதிப்பெண், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடல்கள் மட்டும். போலீஸ்காரர் தன் பணித் துப்பாக்கியோடு வரலாம், புதியவர் 600 டாலர் அளவில் ஒரு கிளாக் வாங்கிக்கொண்டு வரலாம். மேஜர் மதிப்பெண் இல்லாததால் அதிக மருந்தடைத்த தோட்டா வேண்டாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

கம்பெனிகள் விதியைப் படித்தன. கடையில் விற்கும் துப்பாக்கிதானே வேண்டும், பந்தயத் துப்பாக்கியையே கடையில் விற்றுவிடலாமே என்றன. செக் நாட்டு செ.இசட். நிறுவனத்தின் ஷேடோ 2 அதன் உச்சம். முழு உலோக உடல், எடை ஏறத்தாழ 1.3 கிலோ, அதாவது ஒரு கிளாக்கின் எடையைப் போல இரு மடங்கு. எடை கூடினால் துப்பாக்கி துள்ளாது. விலையும் கிளாக்கைப் போல இரு மடங்குக்கு மேல். விதியை ஒரு எழுத்துகூட மீறவில்லை. இத்தாலியின் டான்ஃபோலியோவும் இதே பாதையில் நடந்தது. பணித் துப்பாக்கியோடு வரச் சொன்ன அந்தப் போலீஸ்காரர் இப்போது எந்த மாடல் வாங்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அப்போது அமைப்புகள் செய்தது என்ன? விதியை மேலும் நுணுக்கமாக்கின. உலக அமைப்பில் புரொடக்‌ஷன் துப்பாக்கியின் குழல் 127 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. முதல் முறை சுடும்போது டிரிகர் 2.27 கிலோ எடையாவது தாங்க வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் 1.36 கிலோ. இவை பரவாயில்லை. எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் வெளியே என்ன திருகு மாற்றலாம், பிடியில் எந்தப் பட்டையை ஒட்டலாம், உள்ளே எந்தப் பாகத்தைத் தேய்த்து வழவழப்பாக்கலாம் என்றெல்லாம் இரு அமைப்புகளும் பக்கம் பக்கமாக எழுதின, திருத்தின, விளக்கம் கொடுத்தன, விளக்கத்துக்கும் விளக்கம் கொடுத்தன. துப்பாக்கியின் உள்பாகம் தேய்க்கப்பட்டதா, தானாகத் தேய்ந்ததா என்பதை மைதானத்து மேசையில் வைத்து எந்த நடுவர் கண்டுபிடிப்பார்? சோதிக்க முடியாத விதி நேர்மையானவரை மட்டுமே தண்டிக்கும்.

செலவைப் பற்றிப் பேசுபவர்கள் வசதியாக மறந்துவிடும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தோட்டாவுக்குக் கால் டாலர் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 தோட்டாக்கள் சுடும் ஆட்டக்காரருக்கு அதுவே 2,500 டாலர். தேசிய அளவில் மேலே வர நினைப்பவர் இதைவிட அதிகம் சுடுவார். விமான டிக்கெட், விடுதி, நுழைவுக் கட்டணம் தனி. துப்பாக்கியை ஒருமுறை வாங்கினால் பத்தாண்டு உழைக்கும். செலவின் பெரும்பகுதி தோட்டாப் பெட்டியில் இருக்க, விதிப்புத்தகம் துப்பாக்கியின் திருகாணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சில பிரிவுகளுக்கு விளையாட்டோடு சம்பந்தமே இல்லாத பெற்றோர் உண்டு. 1994இல் அமெரிக்க அரசு புதிதாகத் தயாராகும் மேகசின்களுக்கு 10 தோட்டா வரம்பு விதித்தது. பழைய பெரிய மேகசின்களின் விலை ஏறியது. அவை இல்லாதவர்களுக்காக வந்தது லிமிடெட் 10. புரொடக்‌ஷனிலும் அமெரிக்க அமைப்பு 10 என்றே வைத்தது. உலக அமைப்பில் 15. அமெரிக்கச் சட்டம் பத்தாண்டுக் கெடு முடிந்து 2004 செப்டம்பரில் காலாவதியானது. புரொடக்‌ஷனில் 10 மட்டும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்து, அண்மையில்தான் 15 ஆனது.

இந்த எண் சின்ன விஷயம் இல்லை. 32 தோட்டாக் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். 10 வரம்பு என்றால் குழலில் ஒன்றைச் சேர்த்து முதலில் 11, பிறகு 10, 10, ஆக 31. ஒன்றுகூடத் தவறவிடாதவரும் மூன்று முறை மேகசின் மாற்ற வேண்டும். 15 என்றால் 16, 15, அதுவும் 31தான். ஆனாலும் இரண்டு மாற்றங்களில் முடிந்துவிடும். 171.25 மி.மீ. நீள மேகசினில் 28, 30 என்று அடைக்கும் ஓப்பன்காரர் ஒருமுறை மாற்றினால் போதும். எங்கே நிற்பது, எந்த இலக்கை எந்த வரிசையில் சுடுவது, எந்த இடைவெளியில் ஓடும்போது மாற்றுவது என்ற திட்டம் முழுவதும் இந்த ஓர் எண்ணைச் சார்ந்தது. டிரிகரில் நூறு கிராம் குறைவதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். ஆட்டத்தையே மாற்றும் எண்ணை வாஷிங்டன் நாடாளுமன்றம் முடிவு செய்ததைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை.

கேரி ஆப்டிக்ஸும் அதே வழியில் போயிற்று. இடுப்பில் வைத்திருக்கும் பிஸ்டலிலேயே சிறு புள்ளிக் கண்ணாடி வந்துவிட்டதால் அதற்கொரு பிரிவு என்று 2010களின் நடுவில் சோதனையாகத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் எடை வரம்பு இறுக்கம், மேகசின் 10. பிறகு எடையைத் தளர்த்தினார்கள், மேலும் தளர்த்தினார்கள், 59 அவுன்ஸ் வரை, அதாவது 1.67 கிலோ. மேகசினும் நீண்டது. கூட்டம் குவிந்தது. அமெரிக்காவில் மிக அதிகம் பேர் ஆடும் பிரிவுகளில் ஒன்றாகிவிட்டது. அப்புறம் 2023இல், சிங்கிள் ஆக்‌ஷன் டிரிகர் உள்ள பிஸ்டல்களுக்கும் புள்ளி வேண்டும் என்று லிமிடெட் ஆப்டிக்ஸ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வெளியாள் ஒருவருக்கு விளக்கிச் சொல்லிப் பாருங்கள், பாதியிலேயே டீ குடிக்கப் போய்விடுவார்.

இவற்றுக்கிடையே ஓசையில்லாமல் நன்றாக வேலை செய்யும் விதிகளும் இருக்கின்றன. ஒற்றை வரிசை மேகசின் கொண்ட 1911 ரகத்துக்கான சிங்கிள் ஸ்டாக் பிரிவில் மேஜர் தோட்டா சுடுபவருக்கு மேகசினில் 8, மைனர் சுடுபவருக்கு 10. ரிவால்வரில் மேஜருக்கு 6, மைனருக்கு 8. தடை எதுவும் இல்லை, விலை இருக்கிறது. வலிமை வேண்டுமா, தோட்டாவில் இரண்டைக் கொடு. தோட்டா வேண்டுமா, 'சி' அடிக்கும்போது ஒரு மதிப்பெண்ணைக் கொடு. இங்கே எந்தக் கம்பெனியும் புதுத் துப்பாக்கி செய்து விதியை ஏமாற்ற முடியாது. ஏமாற்ற அதில் ஓட்டை இல்லை. கூப்பர் காலத்து மூன்று சொல் முழக்கமும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் உயிரோடு இருக்கிறது. புரொடக்‌ஷன், கேரி ஆப்டிக்ஸ் போன்ற கூட்டமுள்ள பிரிவுகளில் எல்லோரும் மைனர் என்று ஆனதால் நடுச்சொல்லான வலிமை அங்கே சம்பிரதாயத்துக்கு மட்டும்.

ரிவால்வரிலும் பழிச்சொல் இல்லாமல் போகவில்லை. முன்பு எல்லோருக்கும் ஆறு தோட்டாதான். எட்டுக்கு அனுமதி கொடுத்தபோது, அருமையாகப் பேணிவந்த ஆறு தோட்டா ரிவால்வர்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன என்று மூத்தவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. விதியை மாற்றும்போது நீண்ட அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். மாற்றவே கூடாது என்பது இல்லை.

ஒலிம்பிக் பிஸ்டல் அமைப்பு இதைவிடக் கடுமையாக நடந்துகொண்டது. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியில் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வரை .22 ஷார்ட் என்ற மெல்லிய தோட்டாவும், தொட்டாலே விழும் டிரிகரும், கையைச் சுற்றி வளைக்கும் பிடியும் கொண்ட தனிரகத் துப்பாக்கிகள் இருந்தன. அதன் பிறகு சாதாரண .22 தோட்டா, டிரிகர் குறைந்தது 1,000 கிராம் என்று ஒரே போடாகப் போட்டார்கள். பழைய துப்பாக்கிகள் அலமாரிக்குப் போயின. ஏதென்ஸில் பழைய துப்பாக்கியால் தங்கம் வென்ற ஜெர்மனியின் ரால்ஃப் ஷூமான், 2008 பெய்ஜிங்கில் புதிய துப்பாக்கியோடு வந்து வெள்ளி வென்றார். 2012 லண்டனில் இந்தியாவின் விஜய் குமார் இதே போட்டியில் வெள்ளி வாங்கியதும் புதிய விதியின் கீழ்தான். அங்கே இதற்கென்று இரண்டு பிரிவுகள் வைத்துப் பழைய ஆட்களைச் சமாதானப்படுத்தவில்லை.

கிரிக்கெட்டும் அப்படித்தான். 1979இல் பெர்த்தில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கிய ரகளைக்குப் பிறகு மட்டை மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2017இல் மட்டையின் விளிம்பு 40 மி.மீ., தடிமன் 67 மி.மீ. என்று வரம்பு கட்டினார்கள். நடுவர் ஒரு சட்டத்துக்குள் மட்டையை நுழைத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். கனமான மட்டைக்காரருக்கு ஒரு கோப்பை, லேசான மட்டைக்காரருக்கு ஒரு கோப்பை என்று யாரும் கேட்கவில்லை.

'பிரிவு அதிகமானால் ஆட்களும் அதிகம் வருவார்கள், அதிலென்ன தவறு' என்று கேட்பார்கள். உள்ளூர் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை நினைத்துப் பாருங்கள். நாற்பது பேர் வந்தால் ஒன்பது பிரிவுகளில் சிதறிவிடுவார்கள். சிங்கிள் ஸ்டாக்கில் ஒருவர், லிமிடெட் 10இல் ஒருவர், இருவருக்கும் முதல் பரிசு. யாரை வென்றார்கள்? போதாததற்கு அமெரிக்க அமைப்பில் திறமைவாரி வகுப்புகளும் தனியே இருக்கின்றன. எல்லாக் கிளப்புகளிலும் ஒரே மாதிரி அமைக்கப்படும் தரப்படுத்தல் கட்டங்களில் எத்தனை சதவீதம் எடுக்கிறார் என்பதைப் பொறுத்து, 95 என்றால் கிராண்ட் மாஸ்டர், 85 மாஸ்டர், 75 'ஏ', 60 'பி', 40 'சி', அதற்குக் கீழே 'டி'. ஒன்பதை ஆறால் பெருக்கினால் 54.

என் வாதத்தின் முளையே இங்கேதான் இருக்கிறது. புதியவரையும் சாதாரண ஆளையும் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறைக்கு இந்த வகுப்புகளே பதில். கையின் தரத்தை வகுப்பு பிரிக்கிறது. 'சி' வகுப்புக்காரர் கிளாக்கோடு வந்தாலும் ஷேடோவோடு வந்தாலும் அவருடைய போட்டி இன்னொரு 'சி' வகுப்புக்காரரோடுதான். அந்த அளவில் ஆயிரம் டாலர் துப்பாக்கி வாங்கித் தரும் முன்னேற்றத்தை நூறு டாலர் தோட்டாவும் ஒழுங்கான பயிற்சியும் தந்துவிடும். பிறகு எதற்குக் கருவிப் பிரிவைக் கொண்டும் அதே வேலையைச் செய்ய வேண்டும்? பிரான்ஸின் எரிக் கிராஃபெல் 1999 முதல் 2008 வரை நான்கு உலகப் போட்டிகளில் தொடர்ந்து ஓப்பன் பட்டம் வென்றவர். பிறகு ஓப்பனை விட்டு வெளியே வந்து பிற பிரிவுகளிலும் உலகப் பட்டம் வென்றார். துப்பாக்கி மாறியது, ஆள் மாறவில்லை.

கருவி, ஆட்டத்தையே வேறாக்கும் இடத்தில் மட்டும் பிரித்தால் போதும். அந்த அளவுகோலில் நிற்பவை சிலவே: கண்ணாடியா இரும்புக் குறிகாட்டியா, காம்பன்சேட்டர் உண்டா இல்லையா, சுழலும் சிலிண்டரா மேகசினா. அப்படிப் பார்த்தால் ஓப்பன், இரும்புக் குறிகாட்டி, புள்ளிக் கண்ணாடி, ரிவால்வர் என நான்கு பிரிவுகள் வரும். கார்பைன் தோளில் அணைத்துச் சுடுவது. அதைப் பிஸ்டல் போட்டியில் ஏன் சேர்த்தார்கள் என்பதற்குக் கட்டண வருமானம் தவிர எனக்குக் காரணம் தெரியவில்லை. தனிப் போட்டி வைத்துக்கொள்ளட்டும். நடுவில் உள்ள இரண்டு பிரிவுகளுக்கும் 141.25 மி.மீ. மேகசின் ஒன்றே வரம்பு, ஒரு கேஜில் நுழைத்துப் பார்த்துவிடலாம். மேஜரா மைனரா என்பதை ஆட்டக்காரர் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும். அந்த நீளத்துக்குள் .40 தோட்டா 20 அளவிலும் 9 மி.மீ. அதைவிட இரண்டு மூன்று அதிகமாகவும் பிடிக்கும். சிங்கிள் ஸ்டாக்கில் நடக்கும் அதே பேரம் இங்கேயும் தானாக நடக்கும். அங்கீகாரப் பட்டியல் வேண்டாம், உள்பாகச் சோதனை வேண்டாம்.

ஒரு மறுப்பை மட்டும் லேசில் தள்ள முடியாது. பழைய 1911 பிஸ்டலோடு முப்பது ஆண்டாக ஆடிவரும் பெரியவர் இந்த ஏற்பாட்டில் எங்கே போவார்? இரும்புக் குறிகாட்டிப் பிரிவில் எட்டுத் தோட்டாவோடு நின்றால் அவருக்கு வெற்றி கிட்டாது, உண்மைதான். அவர்களுக்கென்று ஆண்டுக்கொரு 1911 போட்டி தனியாக நடத்தலாம். அதில் நாற்பது பேரும் அதே ரகத் துப்பாக்கியோடு வருவார்கள். இன்று ஒன்பது பிரிவுகளில் ஒன்றில் தனியே நின்று தன்னையே வெல்வதைவிட அது அவருக்கு மரியாதை.

இந்தியாவில் இந்த விளையாட்டு வேர்விடவில்லை. 9 மி.மீ. இங்கே தடைசெய்யப்பட்ட காலிபர், 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி இரண்டுதான். ஆனால் கருவியைக் கொண்டு போட்டியைப் பிரிக்கும் பழக்கம் நமக்கும் புதிதில்லை. நம் துப்பாக்கி சுடுதல் போட்டிகளில் சர்வதேச விதிப்படி ஒன்று, தேசிய விதிப்படி ஒன்று என்று தனித்தனிப் பிரிவுகள் நடக்கின்றன. கற்றுக்கொள்பவருக்கு அது நல்ல படிக்கட்டு. படிக்கட்டிலேயே குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை நம் சங்கங்களும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

அமெரிக்க அமைப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டு முன்னறிவிப்பு கொடுத்து, ஒவ்வொன்றாக இணைக்கட்டும். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் 10 தோட்டா வரம்பு இன்றும் சட்டமாக இருக்கிறது. அங்கே நடக்கும் போட்டிகளில் எல்லாப் பிரிவுக்கும் 10 என்று அந்தப் போட்டியின் விதியாகவே வைத்துவிடலாம், அதற்காக நாடு முழுவதும் ஒரு பிரிவு தேவையில்லை. ஆகவே முதலில் மூட வேண்டியது லிமிடெட் 10. அது பிறக்கக் காரணமான சட்டம் காலாவதியாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.